மூன்று சவரன் சங்கிலியும் அதன் கொக்கியும்

போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வங்கி வேலை முடிந்து கடைக்கு வந்து உட்கார்ந்த நேரத்தில், அக்கா தங்கை இருவர் ஓர் எவர்சில்வர் டப்பாவோடு வந்தார்கள். இரண்டு பேரும் அழுதுவிட்டு வந்திருந்தது முகத்திலேயே தெரிந்தது. அவர்கள் அம்மா தவறி நாலு மாதம் ஆகியிருந்தது. நகையை மூன்று பங்காகப் பிரித்திருக்கிறார்கள், இவர்கள் இருவர், ஒரு தம்பி. பெரியவர் தன் பங்குக்கு வந்த சங்கிலியை மாற்றி வளையலாக எடுத்துக்கொள்ளலாம் என்று பெரிய கடை ஒன்றுக்குப் போக, அங்கே நூற்றுக்கு எத்தனை பங்கு தங்கம் என்று காட்டுகிற கேரட் மீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டு "83தான் காட்டுதும்மா, 22 கேரட் விலை போட முடியாது" என்று சொல்லிவிட்டார்கள்.

"அண்ணே, அம்மா இதை 916ன்னுதான் வாங்கினாங்க, பில்லு இருக்கு. கொக்கியில சீலும் இருக்கு. அப்ப யாரோ மாத்திட்டாங்கதானே?"

916 என்றால் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம், அதுதான் 22 கேரட். யாரோ என்றால் யார் என்று எனக்குப் புரிந்தது. கடைசி மூன்று வருடம் அம்மா இருந்தது தம்பி வீட்டில். பீரோ சாவி தம்பி மனைவியிடம். அந்தப் பெண்ணை நேராகவே கேட்டுவிட்டிருக்கிறார்கள், அவள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம்.

நான் கும்பகோணம் பக்கத்தில் வங்கிகளுக்கு நகை மதிப்பீடு செய்கிறவன், இருபத்திரண்டு வருடமாக. இந்தச் சங்கிலியை எனக்கே தெரியும். 2024 தை மாதம் அந்த அம்மா இதை அடகு வைத்தபோது மதிப்பிட்டு 22 கேரட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான். அதனால் இது எனக்கு வெறும் விசாரணை இல்லை, என் கையெழுத்தும் இதில் இருந்தது. நடந்ததை முழுதாக எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இதே குழப்பம் இன்னும் எத்தனையோ வீடுகளில் வரும்.

முதலில் டப்பாவில் இருந்த மற்ற நகைகளைப் பார்த்துவிட்டேன். சங்கிலியை மட்டும் பார்த்தால் கண் அதிலேயே நின்றுவிடும், அந்த வீட்டில் நகை எப்படி எப்படி வந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் சங்கிலியின் இடம் புரியும்.

ஒரு ஜோடி வளையல், பழசு, அந்த அம்மாவின் கல்யாணத்துக்கு ஊர் ஆசாரி செய்தது. உள்பக்கம் இரண்டு தமிழ் எழுத்து மட்டும் குத்தியிருக்கிறது, எண் எதுவும் கிடையாது. அந்தக் காலத்தில் அந்த எழுத்துதான் உத்தரவாதம். செய்தவரிடமே திரும்பக் கொண்டுபோனால் தன் எழுத்தைப் பார்த்துத் தன் மாற்றுக்கு, அதாவது தான் போட்ட தூய்மைக்கு, எடுத்துக்கொள்வார். வேறு ஊருக்குப் போனால் அந்த எழுத்துக்கு மதிப்பில்லை, உரைகல்லில் உரைத்துப் பார்த்துத்தான் ஆகவேண்டும். இது 88க்குப் பக்கத்தில் வந்தது, ஒட்டு (பற்றவைத்த இடம்) அதிகம் உள்ள பழைய வளையலுக்கு அது கௌரவமான மாற்று. அப்புறம் ஒரு மோதிரம், 875 என்று மட்டும் இருந்தது. தம்பி வளைகுடாவில் இருந்தபோது வாங்கி வந்தது. 24இல் 21 பங்கு என்றால் ஆயிரத்துக்கு 875, அந்த ஊர்க் கடைகளில் 21 கேரட் சாதாரணம். நம் இந்தியத் தர வரிசையில் 14, 18, 20, 22, 23, 24 கேரட் உண்டு, 9 கேரட்டும் 2025இல் சேர்ந்தது, 21 இப்போது இல்லை. பழைய வரிசையில் 21 இருந்தது, ஆனால் இதில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முக்கோணம் இல்லாமல் 875 மட்டும் இருந்ததால் இது இங்கே முத்திரை வாங்கியதல்ல என்று தெரிந்துகொள்ளலாம், அதற்காக அது மட்டம் என்று நினைக்கக் கூடாது. இன்னொரு கல் வைக்காத மோதிரத்தில் முறையான ஐந்து முத்திரையும் இருந்தன: பி.ஐ.எஸ். முக்கோணம், 916, சோதித்த மையத்தின் குறி, கடையின் குறி, ஆண்டைச் சொல்லும் எழுத்து 'ஜே'. இந்த எழுத்து வரிசை 2000க்கு 'ஏ' என்று ஆரம்பித்தது, இடையில் 'ஐ' கிடையாது, ஆக 'ஜே' என்றால் 2008. 2017 ஜனவரியிலிருந்து ஆண்டு எழுத்தை எடுத்துவிட்டார்கள், நான்கு முத்திரை ஆனது. மூத்த பேத்தி பிறந்த வருடம் வாங்கினது என்று பெரியவர் சொன்னார், சரியாகப் பொருந்தியது.

இப்போது சங்கிலி. பில் 2018ஆம் வருடத்தியது, பக்கத்து ஊரில் ஒரு கடை. "செயின், 916, 24.180 கிராம்" என்று எழுதியிருக்கிறது, மூன்று சவரனுக்குக் கொஞ்சம் மேலே. செய்கூலி, சேதாரம், ஜி.எஸ்.டி. எல்லாம் இருக்கிறது. ஹால்மார்க் கட்டணம் என்று ஒரு வரி இல்லை. என் தராசில் இப்போது 24.060 வந்தது. ஏழு வருடம் கழுத்தில் கிடந்த சங்கிலிக்கு இந்தத் தேய்மானம் சாதாரணம்.

கொக்கியைப் பத்து மடங்கு லென்ஸில் வைத்துப் பார்த்தேன். முக்கோணம், 22கே916, அதன் பக்கத்தில் ஆறு இலக்கக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்து. லேசரில் சுத்தமாகப் பொறித்தது, கையால் குத்தினால் வருகிற மேடு பள்ளம் இல்லை. போலி என்று சந்தேகப்பட ஒன்றுமே இல்லை.

லென்ஸைக் கீழே வைத்துவிட்டுப் பில்லைத் திரும்ப எடுத்துத் தேதியைப் பார்த்தேன். 2018.

அந்த ஆறு இலக்கக் குறிக்கு எச்.யு.ஐ.டி. என்று பெயர். ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தருவது, ஒன்றுக்குத் தந்ததை இன்னொன்றுக்குத் தரமாட்டார்கள். அது நடைமுறைக்கு வந்ததே 2021 ஜூலையில். 2018இல் விற்ற சங்கிலியில் அது இருக்க வழியே இல்லை. 2021க்குப் பிறகு யாராவது கடை மூலமாகத் திரும்ப முத்திரைக்குக் கொடுத்திருக்க வேண்டும், அல்லது சங்கிலியே வேறு, அல்லது கொக்கி வேறு. பெரியவர் முகம் மாறிவிட்டது. "பாத்தீங்களா அண்ணே, சங்கிலியையே மாத்திட்டா" என்றார். கொஞ்சம் பொறுங்கம்மா என்று சொல்லிவிட்டு போனில் பி.ஐ.எஸ். கேர் செயலியைத் திறந்தேன்.

அந்தச் செயலி எல்லோர் போனிலும் இருக்கவேண்டியது. எச்.யு.ஐ.டி.யை அடித்தால் முத்திரை வாங்கிய கடை, அதன் பதிவு எண், சோதித்த மையம், தேதி, தூய்மை, முக்கியமாக அது என்ன வகை நகை என்பது வரை காட்டும். நிறையப் பேர் 916 என்று வந்ததும் திருப்தியாகிப் போனை மூடிவிடுகிறார்கள், நகை வகை என்ற வரியைப் படிப்பதே இல்லை. எழுத்துகள் மிகச் சின்னவை என்பதால் 'பி'யா 8ஆ என்று இரண்டு தடவை பார்த்து அடித்தேன். வந்த பதில்: 22 கேரட், 2022இல் முத்திரை, கடை திருச்சியில், பில்லில் உள்ள கடைக்குச் சம்பந்தமே இல்லாதது. நகை வகை, பிரேஸ்லெட்.

என் மேசையில் இருந்ததோ சங்கிலி.

இந்தத் தந்திரம் புதிதில்லை. முத்திரை முறை பிறந்த இங்கிலாந்திலேயே இது பெரிய தலைவலியாக இருந்திருக்கிறது. அங்கே 1300இல் சிறுத்தைத் தலை முத்திரை வந்தது, 1363இல் ஒவ்வொரு தட்டாரும் தன் குறியைக் குத்தவேண்டும் என்று சட்டம் வந்தது, 1478இல் ஆண்டு எழுத்து சேர்ந்தது. லண்டனில் பொற்கொல்லர் சங்கத்து மண்டபத்துக்குக் கொண்டுபோய்க் குத்தியதால்தான் 'ஹால்' மார்க் என்று பெயர். 1720இலிருந்து வெள்ளிப் பாத்திரத்துக்கு எடையைப் பார்த்து வரி போட்டார்கள், அவுன்ஸுக்கு 6 பென்ஸ். உடனே சிலர் சின்னச் சாமான் ஒன்றை மட்டும் வரி கட்டி முத்திரை வாங்கி, முத்திரை உள்ள துண்டை வெட்டிப் பெரிய பாத்திரத்தின் அடியில் பற்றவைத்துவிடுவார்கள். முத்திரை அசல், அது உட்கார்ந்திருக்கிற இடம் மட்டும் வேறு. இருநூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகும் பழைய வெள்ளி வாங்குகிறவர்கள் முத்திரையைச் சுற்றி ஒட்டுக் கோடு தெரிகிறதா என்று வாயால் ஊதிப் பார்க்கிறார்கள், ஆவி படிந்தால் கோடு தெரியும்.

நானும் அதைத்தான் தேடினேன். கொக்கி சேருகிற வளையத்தில் ஒட்டு இருந்தது, கொஞ்சம் வழிந்து, நிறமும் மற்ற இடத்தைவிடச் சிவப்பு. மற்ற கண்ணிகளில் உள்ள ஒட்டு மெஷினில் போட்டது, ஒரே சீராக, கண்ணுக்கே தெரியாத மாதிரி. ஆக, கொக்கி பின்னால் வந்தது என்பது உறுதி. சங்கிலி பழையதுதானா என்பதுதான் கேள்வி, அந்தப் பெண்ணின் மானம் அதில்தான் இருந்தது.

சங்கிலியின் மறுமுனை வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அழுக்கு அடைத்திருந்தது. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தேன். தேய்ந்த முத்திரையை நேர் வெளிச்சத்தில் தேடக்கூடாது, சாய்ந்த வெளிச்சத்தில்தான் பள்ளத்தில் நிழல் விழும். இரண்டு எழுத்து தெரிந்தது, அடியில் 916 என்று பாதி. அந்த இரண்டு எழுத்தும் பில்லில் உள்ள கடையின் முதலெழுத்துகள். அந்தக் கடையில் வாங்கிய வேறு நகைகள் என்னிடம் வருவதுண்டு, அதே எழுத்து, அதே சாய்வு. முத்திரைக் கட்டை ஒன்றுதான். அந்த வளையத்தின் ஒட்டும் மற்றக் கண்ணிகளைப் போலவே மெஷின் ஒட்டு, யாரும் கைவைக்கவில்லை. எடையும் பில்லோடு ஒத்துப்போகிறது. ஆக, 2018இல் அந்த அம்மா வாங்கிய அதே சங்கிலிதான் இது. யாரும் மாற்றவில்லை.

"அப்ப 83 எப்படி அண்ணே வரும்?" என்று சின்னவர் கேட்டார்.

வாங்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கிறது. இதைச் சொல்லும்போது அவர்களுக்கு நம்ப முடியவில்லை, 916 என்று குத்தியிருக்கிறதே என்றார்கள். இங்கேதான் பலர் ஏமாறுவது. ஹால்மார்க் திட்டம் நம் நாட்டில் தங்கத்துக்கு 2000இலேயே வந்துவிட்டது, ஆனால் கட்டாயம் கிடையாது, விரும்பிய கடை போடலாம். 2021 ஜூன் 16இல்தான் முதல் கட்டமாக 256 மாவட்டங்களில் கட்டாயமாக்கினார்கள். 2023 ஏப்ரல் 1க்குப் பிறகு, கட்டாயம் உள்ள இடங்களில் எச்.யு.ஐ.டி. இல்லாமல் கடைக்காரர் விற்கக்கூடாது, 2 கிராமுக்குக் கீழான நகை போன்ற சில விலக்குகள் உண்டு. அதற்கு முன் தங்கள் கட்டையில் 916 என்று குத்திக்கொண்ட கடைகள் ஏராளம். முக்கோணம் இல்லாமல், சோதனை மையத்தின் குறி இல்லாமல், கடையின் எழுத்தும் 916உம் மட்டும் இருந்தால், அது அந்தக் கடை தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டது. நல்ல கடை என்றால் நிஜமாகவே 916 இருக்கும், நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இல்லையென்றால் இல்லை.

கே.டி.எம். என்று குத்தியிருந்தால் இன்னும் குழப்பம். அது தூய்மையின் பெயரே இல்லை, ஒட்டுப் பொடியின் பெயர். முன்பெல்லாம் தங்கத்தோடு செம்பும் வெள்ளியும் கலந்த பொடியை வைத்து ஊதித்தான் ஒட்டுவார்கள், அதனால் நகையை உருக்கினால் மாற்று இறங்கும். பிறகு 92 பங்கு தங்கத்தோடு 8 பங்கு காட்மியம் சேர்த்த பொடி வந்தது, ஒட்டின இடத்திலும் மாற்று இறங்கவில்லை. அந்தப் புகையை மூச்சில் இழுத்துப் பட்டறைக்காரர்கள் நுரையீரல் கெட்டுப்போனார்கள், அதனால் தடை வந்தது. இப்போது துத்தநாகம் மாதிரி வேறு உலோகம் சேர்த்த பொடி. என் சின்ன வயதில் எங்கள் தெருவில் ஊதுகுழலோடு உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் இருமி இருமியே போனார்கள், கே.டி.எம். என்று பெருமையாகக் குத்தின முத்திரையைப் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் ஞாபகம்தான் வருகிறது.

பழைய மாதிரி ஒட்டினால்கூட மெஷின் சங்கிலியில் ஒன்றிரண்டு புள்ளி குறையலாம், எட்டுப் புள்ளி குறையாது. அதனால் ஒட்டு என்று சமாதானம் சொல்ல வழியில்லை.

அடுத்து என் கேள்விக்கு நானே பதில் சொல்லவேண்டும். 2024இல் நான் எப்படி 22 கேரட் என்று எழுதினேன்? பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு அறுவடைச் செலவுக்கு அடகு வைக்க வந்த கூட்டம். சங்கிலியைக் கையில் எடுத்தால் எல்லா மதிப்பீட்டாளரும் கொக்கியிலோ முனை வளையத்திலோதான் உரசுவோம், கண்ணியில் உரசினால் வேலைப்பாடு தேய்ந்து வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். நானும் கொக்கியில் உரசியிருக்கிறேன். உரைகல்லில் விழுந்த கோடு, ஒப்பிடுவதற்கு வைத்திருக்கிற 22 கேரட் உரையாணியின் கோட்டோடு ஒத்திருக்கிறது, திராவகம் விட்டபோதும் நின்றிருக்கிறது. முத்திரையும் அங்கேயே இருந்தது. உரசின இடமும் முத்திரை இருந்த இடமும் ஒன்றே என்பதால் ஒன்றுக்கு ஒன்று சாட்சி சொல்லிவிட்டது, மிச்சமிருந்த 23 கிராமை நான் தொடவே இல்லை. கடன் அடைந்து நகை திரும்பிவிட்டதால் வங்கிக்கு நஷ்டம் இல்லை, ஆனால் நான் செய்தது தப்பு, அதை அந்த இரண்டு பெண்களிடமும் அன்றே சொன்னேன்.

இப்போது நடுக்கண்ணி ஒன்றில் மெல்ல உரசினேன். ஆச்சரியம், 22க்குப் பக்கத்தில் நின்றது. சின்ன அரத்தால் அதே இடத்தில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி உரசியபோது கோடு வெளுத்துவிட்டது, 20 கேரட் ஆணியோடு சேர்ந்தது. காரணம் இதுதான்: நகையை ஆசிட்டில் போட்டுக் கலர் எடுக்கும்போது மேல்தோலில் உள்ள செம்பு கரைந்துபோய்த் தங்கம் மட்டும் மிஞ்சும். மேல்தோல் உள்ளே இருப்பதைவிட உயர்ந்த மாற்றாகத் தெரியும். கேரட் மீட்டருக்கும் இதே பிரச்சினை உண்டு, அது எக்ஸ்ரே மூலம் மேலே சில மைக்ரான் ஆழத்தைத்தான் படிக்கிறது. பெரிய கடையில் 83 என்று சரியாகக் காட்டியதற்குக் காரணம், கழுத்தில் உராய்ந்து தோல் போன கண்ணியை அவர்கள் வைத்திருப்பார்கள்.

என் கல்லும் என் வாயும் போதாது, ஒரு குடும்பமே பிரிகிற விஷயம். பி.ஐ.எஸ். அங்கீகரித்த சோதனை மையத்துக்கு மறுநாள் நானே கூட்டிக்கொண்டு போனேன். பொதுமக்களும் நேரே போய்க் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம், 200 ரூபாய்தான் ஆனது. இரண்டு கண்ணியை வெட்டிக் கொடுத்தோம். அங்கே செய்வது நெருப்புச் சோதனை: தூளாக்கிய தங்கத்தோடு வெள்ளி சேர்த்து ஈயத் தகட்டில் சுற்றி, சாம்பல் போன்ற பொருளால் செய்த சின்னக் குப்பியில் வைத்து ஆயிரம் டிகிரிக்கு மேல் உலையில் வைப்பார்கள். ஈயமும் செம்பும் உருகிக் குப்பிக்குள் இறங்கிவிடும், தங்கமும் வெள்ளியும் மணியாக நிற்கும். அதைத் தட்டித் தகடாக்கி நைட்ரிக் ஆசிட்டில் கொதிக்கவைத்தால் வெள்ளி கரைந்து தங்கம் மட்டும் நிற்கும். முன்னும் பின்னும் எடை போட்டால் விகிதம் தெரியும், தோல் உள்பக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அறிக்கை: கண்ணி ஆயிரத்துக்கு 832. கொக்கியை மெஷினில் மட்டும் பார்த்தார்கள், 917.

24.060 கிராமில் 916 என்றால் சுத்தத் தங்கம் 22 கிராம், 832 என்றால் 20 கிராம். கொக்கிக்குக் கொஞ்சம் கூட்டிக் கொள்ளலாம். ஏறக்குறைய 2 கிராம், கால் சவரன், வாங்கின அன்றே அந்த அம்மாவிடமிருந்து போயிருக்கிறது.

கொக்கி எப்படி வந்தது என்பதைத் தம்பி மனைவிதான் சொன்னாள். 2023இல் கொக்கி அறுந்து அத்தை தானே கடைத்தெருச் சந்தில் உள்ள பழுது பார்க்கிற பட்டறையில் மாற்றிக்கொண்டு வந்ததாக. போய்க் கேட்டோம். அவர் மறைக்கவில்லை. "உடைஞ்ச பிரேஸ்லெட் ஒண்ணு பழசுக்கு வாங்கினதுங்க, கொக்கி நல்லா இருந்துச்சு, அந்த அம்மாவுக்குப் போட்டுக் குடுத்தேன், எடைக்கு எடை" என்றார். முத்திரையை அழித்துவிட்டுப் போட்டிருக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஏமாற்ற நினைத்தவர் இல்லை என்றுதான் என் முடிவு, ஏனென்றால் அவர் சங்கிலியின் மாற்றையே பார்க்கவில்லை, கொக்கிக்கு 22 கேரட் தங்கத்தைத்தான் கொடுத்திருக்கிறார். ஆனால் அந்தக் கொக்கிதான் என் கண்ணைக் கட்டியது, ஒரு பெண்ணைத் திருடியாக்கப் பார்த்தது.

2018இல் விற்ற கடையிடம் அறிக்கையோடு போனோம். முறையான ஹால்மார்க் போட்ட நகையில் தூய்மை குறைந்தால் சட்டம் வாடிக்கையாளர் பக்கம் பலமாக நிற்கிறது, 2018ஆம் ஆண்டு பி.ஐ.எஸ். விதிகளில் 49ஆவது விதிப்படி குறைந்த மதிப்பைப்போல் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் தரவேண்டும். இந்தச் சங்கிலிக்கு முத்திரையே வாங்காததால் அந்த விதியை நீட்ட முடியாது, கொக்கி முத்திரையைக் காட்டிக் கேட்டால் அது பொய் வழக்கு. கையில் இருந்த ஒரே ஆதாரம் பில்லில் உள்ள 916. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு வரம்பு, தாமதத்துக்குக் காரணம் சொல்லிப் போராடலாம். இரண்டு மணி நேரப் பேச்சுக்குப் பிறகு, முழு எடைக்கும் 22 கேரட் மதிப்பில் எடுத்துக்கொண்டு மாற்று நகை தருகிறோம், பணமாகத் தரமாட்டோம் என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை, வழக்கே போடலாம் என்று சொன்னேன். பெரியவர் போதும் அண்ணே என்றுவிட்டார். புது வளையலின் எச்.யு.ஐ.டி.யைப் பில் போடுவதற்கு முன்பே அங்கேயே நின்று செயலியில் அடித்துப் பார்த்தோம், நகை வகை வளையல் என்றே வந்தது. பில்லில் முத்திரைக் கட்டணம் 45 ரூபாயும் வரியும் தனி வரியாக எழுத வைத்தோம்.

அன்று சாயங்காலம் தம்பி வீட்டுக்கு இரண்டு பேரும் போனார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் அந்தப் பெண் வேறொரு வேலையாக வங்கிக்கு வந்தபோது கையில் அம்மாவின் கல்யாண வளையல் ஒன்று கிடந்தது, ஆசாரி எழுத்து உள்ள வளையல்.

என் பதிவேட்டில் இப்போது ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டிருக்கிறேன், 'உரைத்த இடம்' என்று. சங்கிலி என்றால் கொக்கி, நடுக்கண்ணி, மறுமுனை மூன்றும் எழுதவேண்டும், எச்.யு.ஐ.டி. இருந்தால் செயலி காட்டிய நகை வகையும். ஒரு நகைக்கு நாலு நிமிடம் அதிகமாகிறது, வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுக்கிறார்கள், நிற்கட்டும்.